எட்டரை மணி ஆட்டக்காரர்

எங்கள் வீட்டில் எல்லாமே என் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது. கேஸ் இணைப்பு, கரண்ட் பில், நான் ஓட்டும் ஸ்கூட்டி, என் போனில் இருக்கும் சிம் எல்லாம். இதில் அவருக்குப் பெருமையும் கிடையாது, எனக்கு வருத்தமும் கிடையாது. பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். எந்த ஆப்பைத் திறந்தாலும் ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் கப்பலூரில் தொழிற்சாலைக்குள் நின்றுகொண்டு, மெஷின் சத்தத்துக்கு நடுவில் அந்த எண்ணைக் கத்திச் சொல்லுவார். நான் ஆறை ஏழு என்று போட்டுவிட்டு மறுபடியும் கூப்பிடுவேன். இந்தத் தொல்லைக்குப் பயந்தே, எந்த ஆப்பில் அவர் நுழைந்திருக்கிறாரோ அதற்குள்ளேயே நாங்கள் எல்லாரும் குடியிருந்துகொள்வோம். செஸ் ஆப்பிலும் நான் அப்படித்தான் குடியேறினேன்.

செஸ் கற்றுக்கொண்டது தற்செயல். மகளை வகுப்பில் சேர்த்தோம். அவளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து திரும்பப் போவதற்குள் வகுப்பு முடிந்துவிடும் என்பதால், மற்ற அம்மாக்களோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் சீரியல் கதை பேசினார்கள், நான் போர்டைப் பார்த்தேன். சில மாதங்களில் மகளுக்குச் செஸ் கசந்து சிலம்பத்துக்குப் போய்விட்டாள். எனக்குப் பிடித்துவிட்டது. கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்வது என் தொழில். காலையிலிருந்து ஊசியும் ஜரிகையுமாகப் பார்த்துப் பார்த்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் பூத்துப்போகும். அப்போது மகளின் பழைய டேப்பைத் திறந்து, அதில் ஏற்கெனவே அவர் பெயரில் திறந்து கிடக்கும் செஸ் ஆப்பில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடுவேன். பள்ளி வேன் ஹாரன் கேட்டதும் டேப்பை மூடிவிடுவேன்.

இதை ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார். அதுதான் காரணம். என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். ஆனால் அவருக்குக் கொஞ்சம் தெரிந்த விஷயத்தை நான் செய்தால் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஸ்கூட்டி ஓட்டப் பழகியபோது பின்னால் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு, ஏய் அது ஆக்சிலேட்டரு" என்று கத்திக் கத்தியே என்னை ஒரு வருஷம் வண்டிப் பக்கம் போகவிடாமல் செய்தார். அவர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் நானே எடுத்து ஓட்டிக் கற்றுக்கொண்டேன். அதனால் யாரும் விளக்கவுரை சொல்லாத ஒரு மதியப் பொழுது எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

அவரும் அதே கணக்கில் ஆடுவார். காலையில் கம்பெனி பஸ்ஸில் எப்போதாவது ஒரு ஆட்டம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் சாய்ந்துகொண்டு வரிசையாக நாலைந்து. அதில் பெரும்பாலும் தோற்பார். அதற்கும் ஒருவகையில் நான்தான் காரணம் என்பது பின்னால் புரிந்தது. மதியம் நான் ஜெயித்து, ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் புள்ளியான ரேட்டிங்கை ஏற்றி வைத்திருப்பேன். ராத்திரி அந்த ரேட்டிங்குக்குப் பொருத்தமான பலசாலிகளை ஆப் இவருக்கு எதிரே கொண்டுவந்து உட்காரவைக்கும். இவர் தோற்றுத் தோற்று அதைக் கீழே இறக்குவார். மறுநாள் மதியம் நான் மறுபடி ஏற்றுவேன். இறக்கி வைத்த ரேட்டிங் சாயங்காலம் ஏறியிருப்பதை அவர் கவனிக்காமல் இல்லை. அதற்கு அவரே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"எதிர்ல ஆடுறவன் கம்ப்யூட்டரப் பாத்துக் காப்பி அடிச்சான்னு பிடிபட்டா, நம்மட்டப் புடுங்குன பாயிண்ட ஆப்புக்காரனே திருப்பிக் குடுத்துருவான். பாரு, இன்னைக்கும் ஏறியிருக்கு. அப்ப நேத்து எம்புட்டுத் திருட்டுப் பயலுக எங்கூட ஆடியிருக்காய்ங்க பாரு!"

அப்படித் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உண்டுதான். ஆனால் தினமுமா கொடுப்பார்கள்? உலகத்தில் நல்லவர்களே இல்லை என்று அவர் நொந்துகொள்ளும்போது நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இது இப்படியே ஓடியிருக்கும். சோழவந்தான் காபிதான் கெடுத்தது.

சோழவந்தான் என் பிறந்த ஊர். என் அக்காவையும் அங்கேயேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. அக்கா வீட்டுக்காரர், எனக்கு மச்சான், என் வீட்டுக்காரருக்குச் சகலை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். செஸ்ஸில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. காயைத் தூக்கி டக்கென்று போர்டு அதிரும்படி வைப்பார், ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். போன பொங்கலுக்கு என் அப்பா வீட்டு முற்றத்தில் சகலைகள் இருவரும் ஆடினார்கள். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். சூடாக இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தார். ராணியைத் தூக்கிக்கொண்டு எதிரி வீட்டுக்குள் ஓடினார், அது மாட்டிக்கொண்டது, ஆட்டம் முடிந்துவிட்டது. டம்ளரை எடுத்தால் இன்னும் ஆவி பறக்கிறது.

"என்னப்பா சகல, காபி இன்னும் ஆறலையே, அதுக்குள்ள ராசாவத் தூக்கிட்டுப் போயிட்டாய்ங்களே!"

மச்சான் சொன்னதற்கு முற்றமே சிரித்தது. என் அப்பா உட்படச் சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன். ஆனால் அது அதோடு நிற்கவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் "சின்ன மாப்பிள்ளைக்குக் காபி குடுங்க, ஆறிறப் போகுது" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சித்தப்பா பையன்கள் வரைக்கும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு ஒருநாள் கவனித்தேன், என் அம்மா வீட்டில் அவர் காபி குடிப்பதை விட்டுவிட்டார். "எனக்கு டீயே போதும் அத்த" என்கிறார். காபி இல்லாமல் கண் திறக்காத மனிதர். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் பிறந்த வீட்டில் என் புருஷன் தலைகுனிந்து டீ குடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவின் கடைசிப் பையனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, சோழவந்தானில். "சகல, போர்டத் தொடச்சு வச்சிருக்கேன்" என்று மச்சான் போனிலேயே சொல்லிவிட்டார். இவர் இந்த முறை விடுவதில்லை என்று கிளம்பினார். யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து, ஏஐயையும் செஸ் ஆப்பையும் ஒன்றோடொன்று இணைத்தார். ஒரு முழுச் சனிக்கிழமை அதற்கே போனது.

"இனிமே நான் ஆடுன ஆட்டம் அம்புட்டையும் அதுவே போய் எடுத்துப் படிச்சுப் பாக்கும். என் பலம் என்ன, பலவீனம் என்னன்னு பிட்டுப் பிட்டு வச்சிரும். சகலையும் இதே ஆப்புலதான் ஆடுறாரு, அவரு ஆட்டமும் உள்ள கெடக்கு, அதையும் படிக்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி நின்றுவிட்டது. அவர் ஆடிய ஆட்டம் எல்லாம் என்றால், அதில் முக்கால்வாசி என்னுடையது அல்லவா?

கம்பெனி இன்ஜினியர்களுக்கு மெயில் போட்டுப் பழகியவர், ஏஐயையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். 'வணக்கம் சார், என் ஆட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும்' என்று தட்டினார். சற்று நேரத்தில் பதில் வந்தது. சத்தமாகப் படித்தார்.

"காலை எட்டரை முதல் பத்து மணி வரையிலான ஆட்டங்களில் நீங்கள் மிகப் பொறுமையாக ஆடுகிறீர்கள். ராணிகளை வெட்டி மாற்றிக்கொண்டு, மீதமுள்ள சிப்பாய்களை வைத்தே நிதானமாக ஜெயிக்கிறீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஆடும்போது ராணியைச் சீக்கிரமே வெளியே கொண்டுவந்து இழக்கிறீர்கள். அதிகாலை மூன்று மணிக்கும் சில ஆட்டங்கள் இருக்கின்றன; போதிய தூக்கம் அவசியம். ஒரே ஆளிடம் இவ்வளவு வித்தியாசம் அபூர்வம். இந்தக் கணக்கை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேற யாரு ஆடப்போறா? இல்லைன்னு போடுறேன்" என்று போட்டார். "எட்டரை மணின்னா பஸ்ஸுல ஆடுறது. காலைல மூளை எப்பிடி வேல செய்யிது பாத்தியா? மூணு மணிங்கிறது டீ டைம்ல ஒண்ணு ரெண்டு ஆடியிருப்பேன், பசி மயக்கம். அதிகாலை மூணு மணிதான் வெளங்கல. சர்வர் கோளாறா இருக்கும்."

பிறகு மச்சானைப் பற்றியும் ஏஐ சொன்னது. அவர் வேகமான ஆட்டக்காரர், ராணி இருக்கும்வரை புலி, ராணிகள் வெட்டுப்பட்டுப் போனால் பொறுமை இழந்து தப்புச் செய்கிறார், ஆகவே உங்கள் எட்டரை மணி ஆட்டம் அவருக்குச் சரியான மருந்து என்றது. என் வீட்டுக்காரர் குதிக்காத குறை. உடனே மச்சானைக் கூப்பிட்டு, "அண்ணே, காது குத்தி முடிஞ்சதும் காலைல எட்டரைக்கே வச்சுக்கிருவோம்" என்று நேரம் குறித்துவிட்டார்.

மறுநாள் மதியம் அவர் தூங்கும்போது அந்த அறிக்கையை டேப்பில் நான் தனியாகப் படித்தேன். சனிக்கு முந்தின நாள், பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது நான் ஜெயித்து முடித்த ஆட்டத்தை அது காலை பத்து மணி என்று போட்டிருந்தது. வேன் வருவது மூன்றரைக்கு. அது காட்டுவது நம் நேரமே இல்லை, எங்கேயோ கடல் தாண்டிய ஊர் நேரம். ஐந்தரை மணி நேரம் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் சரியாக வந்தது. எட்டரை மணி ஆட்டக்காரர் நான். அதிகாலை மூன்று மணிக்கு ஆடுகிறவர்தான் பஸ்ஸில் போகிற இவர்.

அந்த வாரம் முழுக்க ராத்திரி ராத்திரி அவர் ராணிகளை வெட்டி மாற்றினார். மாற்றிவிட்டு, மீதிச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்து, வரிசையாகத் தோற்றார். அளவு எடுக்காத சட்டையை மாட்டிக்கொண்டது போல இருந்தது. ஆனால் "ராத்திரிதானே, காலைல பாரு" என்று தைரியமாக இருந்தார். உண்மையைச் சொன்னால் என் மதியம் போய்விடும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என் அப்பா வீட்டுச் சனம் மொத்தத்துக்கும் முன்னால் இவர் மறுபடியும் சூடான காபியோடு உட்கார்ந்திருப்பார்.

வியாழக்கிழமை மதியம் ஒரு யோசனை வந்தது. டேப்பில் அந்த ஏஐயைத் திறந்து எழுதினேன். மதிய ஆட்டமெல்லாம் என்னுடையது, நீ நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டாய், அவருக்கு இது தெரியாது, தெரிந்தால் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என் பிறந்த வீட்டு ஆட்கள் முன்னால் அவர் அசிங்கப்படக் கூடாது, அவருடைய ஆட்டங்களை மட்டும் பிரித்துப் பார்த்து அவருக்கு உதவுகிற மாதிரி ஏதாவது சொல், இதை அவரிடம் சொல்லிவிடாதே என்று மூச்சுவிடாமல் எழுதிவிட்டேன்.

அது பணிவாக மன்னிப்புக் கேட்டது. உலகப் பொது நேரத்தில் சொன்னதைத் தெளிவுபடுத்தாதது தன் தவறுதான் என்றது. அவர் குதிரைகளை நன்றாக ஓட்டுகிறார், ராணியைக் கொஞ்ச நேரம் வீட்டிலேயே வைத்திருந்தால் போதும் என்று நல்ல வழியும் சொன்னது. கடைசியில், 'நானாக யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று ஆரம்பித்தது. அதற்குள் காலிங் பெல் அடித்தது. ஜாக்கெட் வாங்க வந்த பெண், முகூர்த்தம் நெருங்கிவிட்டதே என்று வாசலிலேயே புலம்பிக்கொண்டிருந்தாள். சொல்ல மாட்டேன் என்றதே போதும் என்று நான் டேப்பை மூடிவிட்டு ஓடினேன்.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும், "குதிரைய நம்பி ஆடுங்க, ராணி வீட்லயே இருக்கட்டும்" என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னேன். "சரி" என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவர் ஆப்பைத் திறக்கவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தார். "கொழம்பு நல்லாருக்கு" என்றார். அந்தக் குழம்புக்கு நான் உப்புப் போட மறந்திருந்தேன். மனிதருக்குப் பயம் வந்துவிட்டது போல என்று பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காது குத்தி, பையன் அழுது ஓய்ந்து, இட்லி பொங்கல் எல்லாம் ஆனது. மச்சான் பந்தலுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் மேஜையைப் போட்டுப் போர்டை வைத்தார். பெரிய கூட்டம். "சகல, காபி வரச் சொல்லவா?" என்றதும் சிரிப்பு கிளம்பியது.

"வரச் சொல்லுங்கண்ணே" என்றார் என் வீட்டுக்காரர். "ஆனா ஒரு சங்கதி. எட்டரை மணி ஆட்டக்காரன் நான்தான்னு நெனச்சு நேரம் குறிச்சுட்டேன். வெசாரிச்சதுல அது நான் இல்லயாம். எங்க வீட்ல இன்னொரு ஆளு இருக்கு. மொதல்ல அவுகளோட ஆடுங்க."

என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

எனக்கு அப்போது வந்த கோபத்தில் அந்த மேஜையையே தூக்கிப் போட்டிருப்பேன். அத்தனை பேர் முன்னாலும் என் மதியத்தைத் திறந்து காட்டிவிட்டாரே! கொழுந்தியாவைக் கேலி செய்யக் கிடைத்த வாய்ப்பை மச்சான் விடுவாரா? "அடேயப்பா, ஊசி புடிக்கிற கை ராசாவப் புடிக்குமாக்கும்! வா தாயி, வா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த ஒரு பேச்சுக்காகவே உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் பின்னால் நிற்கும் ஆளின் நினைவு வந்தது. இனி ஒவ்வொரு காய்க்கும் "அத எடு, இத வை" என்று ஆரம்பிப்பாரே என்று திரும்பிப் பார்த்தேன். அவர் தாம்பூலத் தட்டிலிருந்து மச்சானின் கொடிக்கால் வெற்றிலையை நாலைந்து எடுத்து, பாக்கோடு மொத்தமாக மடித்து வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார். வெற்றிலைப் பழக்கமே இல்லாதவர். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. பேச முடியாது என்று கையால் சைகை காட்டினார்.

மச்சான் டக் டக்கென்று வைத்தார். பேசினார், பாடினார், என் சமையலை இழுத்தார். பேச்சுக்கு நடுவிலேயே பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள் நான், எனக்கு அது காதிலேயே விழவில்லை. வாய்ப்புக் கிடைத்ததும் ராணிகளை வெட்டி மாற்றினேன். அதன்பிறகு அவர் பேச்சு குறைந்தது. அம்மா கொண்டுவந்த காபி ஆறியது. சுடவைத்துக் கொண்டுவந்தாள், மறுபடியும் ஆறியது. நடுவில் ஒரு தப்புச் செய்தேன். பின்னாலிருந்து "ம்ம்ம்!" என்று ஒரு அழுத்தமான முனகல் வந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. கடைசியில் என் ஓரத்துச் சிப்பாய் ஒன்று மெதுமெதுவாக நடந்து, தடுக்க ஆளில்லாமல், அந்தக் கடைசிக்குப் போய் ராணியானது.

மச்சான் தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவைச் சாய்த்தார். "சகல, வீட்ல இத வச்சுக்கிட்டாய்யா நீ எங்கிட்ட வந்து தோத்த?" என்றார். பந்தலே ஆர்ப்பரித்தது. என் அப்பா எழுந்து நின்றே கைதட்டினார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் வேலியோரம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சிவந்த வாயோடு அந்த ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு அவரும் ஒரு ஆட்டம் ஆடி, குதிரைகளை வைத்து நெடுநேரம் தாக்குப்பிடித்து, தோற்றார். பந்தி போட்டுவிட்டதால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் பள்ளி விடுமுறை என்பதால் மகள் என் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டாள். நாங்கள் இருவரும் வண்டியில் திரும்பினோம். வழியில் டீக்கடையில் நிறுத்தி, போனை எடுத்துக் காட்டினார். டேப்பில் இருந்ததும் அவர் கணக்குத்தானே. நான் எழுதிய உரையாடல் அப்படியே அவர் போனில் இருந்தது. அதற்கு ஏஐ தானாகவே ஒரு தலைப்பும் வைத்திருந்தது: 'கணவருக்குத் தெரியாமல் சதுரங்கம்'. நான் படிக்காமல் விட்ட கடைசி வரியும் இருந்தது. 'நானாக யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கைத் திறக்கும் எவரும் இதைப் படிக்க முடியும்.'

"வெள்ளிக்கெழம காலைல பஸ்ஸுல பாத்தேன்" என்றார்.

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. கப்பலூர் போற வரைக்கும் கோவந்தான். அப்பறம் திருப்பிப் படிச்சேன். 'அவர் அசிங்கப்படக் கூடாது'ன்னு எழுதியிருந்த பாரு, அதுக்கப்பறம் வரல." போனைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார். "ஏம்மா, நான் அம்புட்டா பேசுறேன்?"

"ஆமா" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எனக்குக் கண் கலங்கியும் விட்டது. எரியும் வாயோடு அந்த மனிதர் காலை முழுக்க நின்றதை நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே என் பெயரில் ஒரு சிம் வாங்கி, செஸ் ஆப்பில் எனக்கென்று தனிக் கணக்கு தொடங்கினேன். ஓடிபி முதல் முறையாக என் போனுக்கே வந்தது. மதியம் நான் ஏற்றிவைக்காததால் அவருடைய ரேட்டிங் சரசரவென்று இறங்கி, ஓரிடத்தில் நின்றது. இப்போது அவரளவு ஆடுகிறவர்கள் எதிரே வருகிறார்கள். ராத்திரி ஐந்து ஆட்டத்தில் மூன்றையாவது ஜெயிக்கிறார்.

"கவனிச்சியா?" என்று நேற்று சோபாவிலிருந்து சொன்னார். "இப்பல்லாம் திருட்டுப் பயலுகளே வர்றதில்ல. ஒலகம் திருந்திருச்சு."